அமைதியான படத்துக்குத்தான் அரங்கு வேண்டும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூரின் தனித்துவமான திரையரங்கான தி புரொஜெக்டர் மூடப்பட்டது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே கேத்தே சினிபிளெக்ஸஸ் தன் அரங்குத் தொழிலை முடித்துக்கொண்டது. 1939இல் ஹேண்டி சாலையில் குளிரூட்டப்பட்ட அரங்கைத் திறந்து சிங்கப்பூரர்களுக்குப் படம் காட்டத் தொடங்கிய பெயர் அது. அந்தச் செய்திகளுக்குப் பிறகு, படம் பார்க்கும் பழக்கமுள்ள நண்பர்கள் கூடும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது: பெரும்பாலான தமிழ்ப் படங்கள் ஏறத்தாழ நான்கு வாரங்களில் வீட்டுத் தொலைக்காட்சிக்கே வந்துவிடும்போது, நால்வர் கொண்ட ஒரு குடும்பம் எழுபது எண்பது வெள்ளி செலவழித்து அரங்குக்குப் போகத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அதற்கு என்னால் முடிந்த அளவு நேர்மையாக ஒரு பதில் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஒப்பிடுபவை இரண்டு. ஒன்று, தமிழ்ப் படங்கள் வழக்கமாக ஓடும் பல்திரை வளாகங்களின் சாதாரண அரங்கு. சாய்வு இருக்கைகளும் போர்வையும் தரும் சொகுசு அரங்குகளையும் ஐமேக்ஸையும் கணக்கில் எடுக்கவில்லை. மற்றொன்று, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை அடுக்குமாடி வீடு ஒன்றின் வரவேற்பறை: சுவரில் 55 அங்குல 4கே தொலைக்காட்சி, அதன் அடியில் சவுண்ட்பார் என்னும் நீளமான ஒலிபெருக்கி, சோபாவுக்குப் பக்கத்தில் தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர். நம்மில் பலருடைய வீட்டில் இன்று இருப்பதும் ஏறத்தாழ இதுதான். திருட்டுப் பிரதிகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அப்படிப் பார்ப்பதைப் படம் பார்ப்பதாகவே நான் கருதுவதில்லை.

முதலில் காட்சியின் தரம். இதில் அரங்குதான் வெல்லும் என்று பலரும் எண்ணுகிறார்கள், ஆனால் உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. அரங்குத் திரையின் வெளிச்சத்துக்குத் தொழில்தரம் வகுத்திருக்கும் அளவு 48 நிட் மட்டுமே (நிட் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). நடுத்தர விலையில் கிடைக்கும் தொலைக்காட்சிகூட அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் தரும். ஓஎல்இடி திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளியில் ஒளியே இருக்காது. அரங்கிலோ வெளியேறும் வழியின் பச்சை விளக்கும், படிக்கட்டு விளக்குகளும், திரையிலிருந்து தெறிக்கும் ஒளியும் சேர்ந்து கறுப்பைச் சாம்பலாக்கிவிடுகின்றன. பல அரங்குகளின் படவீழ்த்திகள் இன்னமும் 2கே வகையைச் சேர்ந்தவை, அதாவது 2048க்கு 1080 புள்ளிகள். வீட்டுத் தொலைக்காட்சியிலோ 3840க்கு 2160 புள்ளிகள் இருக்கின்றன. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால், வரவேற்பறை வெட்கப்பட வேண்டியதே இல்லை.

ஆயினும் இரண்டு குறைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் படங்களில் பெரும்பாலானவை 2.39க்கு 1 என்ற அகலத் திரை விகிதத்தில் எடுக்கப்படுகின்றன, தொலைக்காட்சியின் விகிதமோ 16க்கு 9. எனவே மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்து, திரையின் கால் பங்கு வீணாகிறது. 55 அங்குலத் தொலைக்காட்சியில் அத்தகைய படம் சுமார் 51 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருங்கிவிடும். இரண்டரை மீட்டர் தள்ளிப் போட்ட சோபாவிலிருந்து பார்த்தால் அந்தப் படம் நம் கண்ணின் பார்வைப் பரப்பில் 27 பாகை அகலத்தைத்தான் நிரப்புகிறது. அரங்கில் நல்ல வரிசையில் அமர்ந்தால் அது 40 பாகை வரை விரியும். முகங்களை நெருக்கத்தில் காட்டும் காட்சிகளில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. வயல்வெளியின் ஒரு மூலையில் ஒருவர் தனியாக நிற்பதைக் காட்டும்போது தெரிகிறது. அரங்கில் நாம் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம், வீட்டில் அவர் ஒரு புள்ளியாகத் தெரிகிறார்.

இரண்டாவது குறை தரவின் அளவு. அரங்குக்கு வரும் டிஜிட்டல் பிரதி நொடிக்கு 250 மெகாபிட் வரை எடுத்துக்கொள்ளலாம். ஓடிடி நிறுவனங்கள் 4கே படத்துக்குக்கூட 15 மெகாபிட் வேக இணைப்பு போதும் என்கின்றன. பகல் காட்சிகளில் இழப்பு கண்ணில் படாது. இரவுக் காட்சியில் விளக்கு வெளிச்சம் இருட்டுக்குள் மெல்லக் கரையும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள்: சீராக மங்க வேண்டிய வெளிச்சம் வளையம் வளையமாகப் பிரிந்து நிற்கும். ஒளிப்பதிவாளர் பாடுபட்டு அமைத்த இருட்டு அங்கே உடைந்துபோகிறது.

வீட்டில் பார்ப்பவர்கள் உடனடியாகச் செய்ய வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய தொலைக்காட்சிகளில் அசைவுகளை வழுவழுப்பாக்கும் அமைப்பு ஒன்று பெரும்பாலும் வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட படத்தில் இடையிடையே இல்லாத சட்டங்களைக் கற்பனையாகச் செருகி, திரைப்படத்தை மெகா சீரியல் போல ஆக்கிவிடுவது அதுதான். அதை நிறுத்திவிட்டு, படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். காசு செலவில்லாமல் வீட்டுத் திரையின் தரத்தை உயர்த்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒலிக்கு வந்தால் கதை முற்றிலும் மாறுகிறது. இந்த மதிப்பீட்டை நான் எழுதத் துணிந்ததே ஒலிக்காகத்தான்.

ஒரு படத்தின் ஒலிக்கலவையைச் செய்பவர்கள் அரங்கு போன்ற பெரிய கூடத்தில் அமர்ந்துதான் செய்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒவ்வோர் ஒலிவழியின் அடிப்படை அளவையும் 85 டெசிபலில் நிறுத்தி, உச்சத்துக்கு இன்னும் 20 டெசிபல் இடம் விட்டுவைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். காதருகில் சொல்லும் கிசுகிசுப்பிலிருந்து கோயில் திருவிழாவின் தவில் அடிவரை அந்தப் பெரிய இடைவெளிக்குள் அடுக்கப்படுகின்றன. 2012இல் வந்த டால்பி அட்மாஸ் முறையில் ஓர் அரங்கில் 64 ஒலிபெருக்கி வழிகள் வரை தனித்தனியே இயக்க முடியும். கூரையிலிருந்தும் ஒலி வரும். பேச்சு மட்டும் பெரும்பாலும் திரையின் நடுப்பகுதிக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருவதால், எவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவிலும் சொற்கள் தனியாகக் கேட்கின்றன.

அந்தக் கலவையை வீட்டுக்குக் கொண்டுவரும்போது அது ஒரு குறுகிய பெட்டிக்குள் அடைக்கப்படுகிறது. நடுவிலிருந்து வர வேண்டிய பேச்சும் சுற்றிலும் கேட்க வேண்டிய இசையும் ஒரே சவுண்ட்பாருக்குள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறோம். அடுத்த நொடி சண்டைக்காட்சி வந்ததும் பதறிக் குறைக்கிறோம். தொலையியக்கியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தமிழ்ப் படம் பார்க்காத வீடு சிங்கப்பூரில் இருக்காது என்றே நினைக்கிறேன். இதற்குத் தீர்வாகச் சவுண்ட்பாரில் இரவுப் பயன்முறை என்ற ஒன்று உண்டு. அது பெரிய ஒலிகளை அமுக்கி, சிறிய ஒலிகளை உயர்த்தி, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பேச்சு கேட்கும். ஆனால் கிசுகிசுப்பும் கூச்சலும் ஒன்றுபோல ஒலிக்கும்.

அடுக்குமாடி வாழ்க்கையில் அந்தப் பயன்முறையைத் தவிர்க்கவும் முடிவதில்லை. நம் சுவர்களும் தளங்களும் கான்கிரீட். சப்வூஃபரின் தாழ்ந்த அதிர்வு அவற்றின் வழியாகக் கீழ்வீட்டுக்கு எளிதாக இறங்கிவிடும். இரவு நேரத்தில் அமைதி காக்க வேண்டும் என்று வீவகவும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை கீழ்வீட்டில் தூங்குகிறது என்று தெரிந்த பிறகு யாருக்கும் ஒலியைக் கூட்ட மனம் வராது. ஆனால் இதன் விளைவை ஒத்துக்கொள்ள வேண்டும்: எத்தனை ஆயிரம் வெள்ளிக்கு ஒலிச்சாதனம் வாங்கினாலும், அதன் முழுத் திறனில் ஒரு படத்தைக் கேட்கும் உரிமை வீவக வீட்டில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. பட அளவைப் பணம் கொடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம். இதை வாங்க முடியாது.

இதைக் கேட்டதும், வெடிகளும் பறக்கும் கார்களும் நிறைந்த பெரிய நாயகர் படங்களுக்குத்தான் அரங்கு தேவை, சின்னப் படங்களை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யத் தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. கூச்சலான படம் வீட்டிலும் பிழைத்துக்கொள்கிறது. அமுக்கினாலும் அது கூச்சலாகவே இருக்கும். வீட்டில் செத்துப்போவது அமைதியான படம்.

ஒரு சிறிய படத்தை அரங்கில் பார்த்துவிட்டு, அது ஓடிடிக்கு வந்ததும் வீட்டில் மறுபடியும் பார்த்தேன். அதில் ஒரு காட்சி: இரவு, வீட்டுத் திண்ணையில் தகப்பனும் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவருக்கும் இடையே ஒரு பழைய மனத்தாங்கல். நெடுநேரம் யாரும் பேசுவதில்லை. அரங்கில் அந்தக் காட்சியில் நான் கேட்டவை இவை: இடப்பக்கம் எங்கோ சில்வண்டு, உள்ளே சமையலறையில் யாரோ பாத்திரத்தை ஓசைப்படாமல் வைக்க முயலும் ஒலி, தொலைவில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி மெல்ல நெருங்கி, நம் முதுகுக்குப் பின்னால் கடந்து, வலப்பக்கமாக மறைவது. லாரி மறைந்த பிறகு தகப்பனின் மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த மூச்சில் ஒரு சிறு தடங்கல் ஏற்படும்போது, அவர் அழப்போகிறார் என்று மகனுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அரங்கில் இருபது பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். ஒருவர்கூட அசையவில்லை.

வீட்டில் அதே காட்சி வந்தபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தார்கள், வெளியே மின்தூக்கிக் கதவு திறந்து மூடியது, ஜன்னல் வழியே விரைவுச்சாலையின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. சில்வண்டும் பாத்திரமும் இவற்றுக்குள் கரைந்துபோயின. லாரி இருந்த சுவடே தெரியவில்லை. ஒன்றுமே நடக்காத காட்சியாகத் தோன்றியதால், என் கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. நிமிர்ந்து பார்த்தபோது தகப்பன் அழுதுகொண்டிருந்தார். முதன்முறையாக வீட்டில் பார்த்தவர்கள் அந்தப் படத்தை இழுவை என்று சொன்னதன் காரணம் அப்போது எனக்கு விளங்கியது. அவர்கள் அந்தப் படத்தின் பாதியைக் கேட்கவே இல்லை.

அரங்கு தரும் முதன்மையான பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன். அங்கே நமக்காக ஒரு பெரிய அமைதியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்; அதன் மேல் வைக்கப்படும் ஒவ்வொரு சிறிய ஒலிக்கும் எடை உண்டு. நிறுத்தும் பொத்தானும் அங்கே இல்லை. இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் இருக்க ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம் என்பதாலேயே, மெதுவாக நகரும் காட்சிக்கும் நம் மனம் இடம் கொடுக்கிறது.

முதல் நாள் முதல் காட்சியின் விசிலும் கைத்தட்டலும் வேறு வகை மகிழ்ச்சி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரிய படம் வரும்போது, கட்டுமானத் தளங்களிலிருந்து வரும் தம்பிகளும் அலுவலகம் முடிந்து வரும் குடும்பங்களும் ஒரே அரங்கில் சேர்ந்து ஆர்ப்பரிப்பதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது ஒரு திருவிழா. அதற்காகப் போக விரும்புபவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் அன்றைய வசனங்களில் பாதி காதில் விழாது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வீட்டின் பக்கத்துக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். முதியவர்களுக்கு அரங்கு பல வகையில் கடினமான இடம். இங்குள்ள பல்திரை அரங்குகளில் தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் இடைவேளை விடுவதில்லை. இடைவேளை என்ற எழுத்து திரையில் வந்து மறைந்ததும் படம் தொடர்ந்துவிடும். முட்டி வலியோடும் நீரிழிவோடும் மூன்று மணி நேரம் எழாமல் உட்காருவது என் அம்மாவால் முடிகிற காரியம் இல்லை. செவித்திறன் குறைந்தவர்களுக்கு வீட்டில் இன்னொரு பெரிய உதவி இருக்கிறது. அரங்கில் நமக்குக் கிடைப்பது ஆங்கில வசனவரிகள்தான். சில ஓடிடி தளங்களில் சில படங்களுக்குத் தமிழிலேயே வசனவரிகளைப் போட்டுக்கொள்ளலாம். ஆங்கிலம் படிக்காத ஒரு பாட்டிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அரங்க நிறுவனங்கள் மாதத்தில் ஒரு காட்சியையாவது தமிழ் வசனவரியோடும் பத்து நிமிட இடைவேளையோடும் நடத்தினால், வீட்டிலேயே முடங்கிய ஒரு தலைமுறையை மறுபடியும் உள்ளே அழைத்து வரலாம்.

வயதுவரம்பையும் கவனிக்க வேண்டும். என்சி16 சான்று பெற்ற படத்துக்குப் பதினாறு வயது நிரம்பாதவர்களைப் பெற்றோர் கூட வந்தாலும் அனுமதிக்க மாட்டார்கள். இந்தியாவில் பிள்ளைகளோடு பார்க்கப்பட்ட படம் இங்கே அந்தப் பிரிவில் வரலாம். எனவே டிக்கெட் எடுக்கும் முன் சான்றைப் பார்த்துவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, வார இறுதியில் ஒரு டிக்கெட் பதினைந்து வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. இணையத்தில் எடுத்தால் முன்பதிவுக் கட்டணம் தனி. இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் மூன்று மணி நேரப் படம் நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். அதற்குள் ரயில் நின்றிருக்கும், டாக்சியில் ஏறினால் மீட்டர் கட்டணத்துக்கு மேல் பாதிப் பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஒருவருக்கான டிக்கெட்டும் டாக்சிக் காசும் சேர்ந்தால் ஓடிடி தளம் ஒன்றின் ஒரு மாதச் சந்தா கட்டிவிடலாம். ஆனால் ஒரு சந்தா போதாது என்பதும் உண்மை. நெட்ஃபிளிக்ஸில் ஒரு படம், பிரைம் வீடியோவில் இன்னொன்று, சன் நெக்ஸ்ட்டில் மற்றொன்று என்று சிதறிக் கிடக்கின்றன. இந்தியாவில் ஒரு தளத்தில் வந்த படம் உரிமைச் சிக்கலால் சிங்கப்பூர்க் கணக்கில் கிடைக்காமலும் போகிறது.

அரங்குக்குப் போக முடிவு செய்தவர்களுக்கு இருக்கை பற்றி ஒரு வார்த்தை. திரையிலிருந்து பின்சுவர் வரையுள்ள தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்னால், வரிசையின் நடுவில் எடுங்கள். ஒலி சமநிலையாகக் கேட்பது அந்தப் பகுதியில்தான். கடைசி வரிசையைப் பலர் விரும்புகிறார்கள். அங்கே பின்சுவரின் ஒலிபெருக்கிகள் காதுக்கு மிக அருகில் இருப்பதால் சுற்றொலியின் அளவு குலைந்துவிடும். குளிர் தாங்காதவர்கள் ஒரு சால்வையைக் கொண்டுபோவது நல்லது.

அரங்குகள் தங்கள் பொறுப்பை எப்போதும் நிறைவேற்றுவதில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அரங்கில், படம் முழுவதும் ஒலி வழக்கத்தைவிடத் தாழ்வாகவே ஓடியது. வெளியே வந்து கேட்டபோது, முந்தைய காட்சியில் சிலர் சத்தம் அதிகம் என்று புகார் செய்ததால் குறைத்ததாகவும், மறுபடியும் உயர்த்த மறந்துவிட்டதாகவும் ஊழியர் சொன்னார். படவீழ்த்தி அறையில் ஆள் இருந்து கவனித்த காலம் போய்விட்டது. இன்று எல்லாம் முன்பே நேரம் குறித்துத் தானாக ஓடுகின்றன. அதனால்தான் பார்வையாளர் எழுந்து போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத் தயங்காதீர்கள். நீங்கள் பணம் கொடுத்தது அந்த ஒலிக்காகத்தான்.

என் பெரிய மனக்குறை காட்சி நேரங்களைப் பற்றியது. மெக்கன்சி சாலையில் 1946இல் எழுந்த ரெக்ஸ் அரங்கு பல அவதாரங்கள் எடுத்து, 2009இல் இந்தியப் படங்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டபோது, லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தமிழ்ப் படத்துக்கென்று ஓர் இடம் இருந்தது. அங்கே ஒரு சிறிய படமும் மாலைக் காட்சியில் இடம்பெற முடிந்தது. இப்போது தமிழ்ப் படம், 1992இல் யீஷூனில் பத்துத் திரைகளோடு தொடங்கிய பல்திரை முறைக்குள், ஹாலிவுட், சீன, கொரியப் படங்களோடு நேரத்துக்குப் போட்டியிடுகிறது. பெரிய நாயகரின் படத்துக்கு எல்லா நேரமும் கிடைக்கிறது. அரங்கின் அமைதி உண்மையிலேயே தேவைப்படும் சின்னப் படத்துக்கோ, தீவின் ஏதோ ஒரு மூலையில், வார நாளின் கடைசிக் காட்சி ஒன்று கிடைக்கிறது. ஒரு வாரத்தில் அதுவும் எடுக்கப்பட்டுவிடுகிறது. பிறகு, இத்தகைய படங்களைப் பார்க்க ஆள் வருவதில்லை என்று கணக்குக் காட்டப்படுகிறது. ரயில் இல்லாத நேரத்தில் காட்சியை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக் காட்சி ஒன்றை, இரண்டு வாரங்களுக்கு, அத்தகைய ஒரு படத்துக்குக் கொடுத்துப் பார்க்கும்படி அரங்க நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பார்வையாளர்களும் ஒன்று செய்யலாம்: சின்னப் படம் ஒன்றைப் பற்றி நல்ல வார்த்தை காதில் விழுந்தால், ஓடிடியில் வரட்டும் என்று ஒத்திப்போடாமல் முதல் வாரத்திலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். இரண்டாம் வாரத்தில் அது எந்த அரங்கிலும் இருக்காது. பெரிய நாயகரின் படம் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு ஒரு மாதம் கழித்து வீட்டுக்கும் வரும்.